மெட்ராஸ் மணலும் ஹிட்சின் பள்ளிக்கூடமும்

போன கோடையில் இரண்டு மாசம் இங்கிலாந்தில் இருந்தேன். மகள் அங்கே நர்ஸ் வேலை பார்க்கிறாள். அவளுக்கு இரண்டாவது பிரசவம். பிள்ளையைப் பார்த்துக்க அவ அம்மா போனா, அவளுக்குத் துணையா நான். மாட்டைத் தம்பி வீட்டில் கட்டிட்டு, கோடை உழவை முடிச்சிட்டுக் கிளம்பினேன்.

அங்கே போய் என்ன பார்த்தேன்னு ஊர்ல எல்லாரும் கேட்டாங்க. ராணி அரண்மனை, பெரிய கடிகாரம், ராட்டினம் எல்லாம் பார்த்தேன். அதைப் பத்தி நான் சொல்ல ஒண்ணும் இல்ல. நான் சொல்ல வந்தது ஒரு பழைய பள்ளிக்கூடத்தைப் பத்தி.

மூத்த பேத்திக்கு ஆறு வயசு. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவ, "தாத்தா, நான் இன்னைக்கு விக்டோரியா காலத்துப் பிள்ளையா இருந்தேன்"ன்னு குதிச்சுக்கிட்டே சொன்னா. வெள்ளை ஏப்ரன் மாட்டிவிட்டு, கையில் சிலேட்டு கொடுத்து, டீச்சர் கறுப்பு கவுன் போட்டுக்கிட்டு அதட்டினாங்களாம். "மணல்ல விரலால எழுதச் சொன்னாங்க தாத்தா!" அப்படின்னு கண்ணை விரிச்சா.

மணலா? வெள்ளைக்காரன் பள்ளிக்கூடத்துல மணலா? நாமதானே மணல்ல எழுதினோம். எனக்கு ஒண்ணும் புரியல. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாடியே அங்கே கூட்டிட்டுப் போகச் சொல்லி மருமகனை நச்சரிச்சேன்.

ஊர் பேரு ஹிட்சின். லண்டனில் இருந்து ரயிலில் அரை மணி நேரம். சுத்தி வயக்காடு இருக்கிற பழைய சந்தை ஊர். ஊருக்குள்ள ஒரு தெருவுல செங்கல் கட்டடங்கள். அதுதான் பிரிட்டிஷ் ஸ்கூல்ஸ் மியூசியம். 1810-ல் வில்லியம் வில்ஷயர்னு அந்த ஊர் வக்கீல் ஒருத்தர், ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு பழைய மால்ட் கொட்டகையில் பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். பீருக்காக பார்லியை முளைகட்டி உலர்த்துற கொட்டகை அது. அப்புறம் 1837-ல் பெரிய கூடம் ஒண்ணு கட்டினாங்க. விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்த அதே வருஷம். 1969 வரைக்கும் அங்கே பள்ளிக்கூடம் நடந்திருக்கு.

அந்தக் கூடத்துக்குள்ள நுழைஞ்சதும் எனக்கு நம்ம ஊர் பருத்திக் கிட்டங்கி ஞாபகம்தான் வந்துச்சு. அவ்வளவு நீளம், அவ்வளவு உயரம். ஒரே அறை. தடுப்பு கிடையாது. ஜன்னல் எல்லாம் தலைக்கு மேல. வெளிச்சம் வரணும், ஆனா பிள்ளைக வெளியே வேடிக்கை பார்க்கக் கூடாது. வரிசை வரிசையா நீளமான பெஞ்சு. அந்த ஒரு அறையில் 300 பையன்கள். வாத்தியார் எத்தனை பேர்னு கேட்டேன். ஒருத்தர்னாங்க.

காது சரியா கேக்கலையோன்னு மருமகனைப் பார்த்தேன். அவரும் ஒரு விரலைக் காட்டினார்.

எப்படி முடியும்? அங்கே சுத்திக் காட்டினது எழுபது வயசுக்கு மேல இருக்கிற ஒரு அம்மா. சம்பளம் வாங்காம வேலை பார்க்கிறவங்க. அவங்க பொறுமையா விளக்கினாங்க, மருமகன் தமிழ்ல சொன்னார். வாத்தியார் முன்னாடி மேடையில் நிப்பார். அவர் நேரா எல்லாருக்கும் பாடம் நடத்த மாட்டார். கொஞ்சம் பெரிய பையன்களாப் பார்த்து, பத்து பன்னிரண்டு வயசுக்காரங்களா, அவங்களுக்கு முதல்ல சொல்லிக் கொடுப்பார். அவங்க ஆளுக்குப் பத்துப் பேரை அரைவட்டமா நிறுத்தி வச்சு அதையே சொல்லிக் கொடுப்பாங்க. புத்தகம் வாங்கக் காசு இல்ல. அதனால ஒரே பாடத்தைப் பெரிய அட்டையில் அச்சடிச்சு சுவத்துல மாட்டிருவாங்க. அதைச் சுத்தி நின்னு படிக்கணும்.

அவங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான், "சட்டாம்பிள்ளை!"ன்னு சத்தமாச் சொல்லிட்டேன். அந்த அம்மா பயந்துட்டாங்க.

சட்டாம்பிள்ளைன்னா இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துல வாத்தியார் இல்லாத நேரத்துல மத்தப் பிள்ளைகளை மேய்க்கிறவன். சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கிறது, ஒப்பிக்க வைக்கிறது, தப்பு பண்ணினா வாத்தியார்ட்ட மாட்டிவிடுறது, எல்லாம் அவன் வேலை. நான் படிச்சது திண்ணைப் பள்ளி இல்ல, சர்க்கார் பள்ளிக்கூடம்தான். ஆனா எங்க காலத்துலயும் அந்தப் பேரு இருந்துச்சு, வேலையும் இருந்துச்சு.

அந்த அம்மா என்னைக் கூட்டிட்டுப் போய் முன் வரிசையைக் காட்டினாங்க. மேசைக்கு மேல ஆழமில்லாத பள்ளம். அதுல காஞ்ச மணல். புதுசா வந்த பிள்ளைக இங்கேதான் உட்காரும். சட்டாம்பிள்ளை ஒரு எழுத்தைச் சொல்வான், எல்லாரும் விரலால மணல்ல எழுதணும். அவன் பார்த்துட்டு ஒரு கட்டையால மணலை நிரவி விடுவான். அடுத்த எழுத்து. காகிதம் வேண்டாம், மை வேண்டாம், சிலேட்டுகூட வேண்டாம்.

"இது எங்கே இருந்து வந்துச்சு தெரியுமா?"ன்னு அந்த அம்மா கேட்டாங்க. அவங்களே பதிலும் சொன்னாங்க. "மெட்ராஸ்."

அப்புறம் வீட்டுக்கு வந்து மகளோட கம்ப்யூட்டர்ல ரெண்டு மூணு ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். அந்தக் கதையை நீங்களும் தெரிஞ்சுக்கணும்.

ஆண்ட்ரூ பெல்னு ஒரு ஸ்காட்லாந்து பாதிரியார். 1753-ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பிறந்தவர். 1787-ல் மெட்ராஸ் வந்தார். 1789-ல் எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைப் பையன்கள் விடுதிக்குப் பொறுப்பாளர் ஆனார். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் நம்ம ஊர்ப் பெண்களுக்கும் பிறந்து ஆதரவில்லாமப் போன பையன்கள் அங்கே இருந்தாங்க. பாடம் சொல்லித்தர ஆட்களைச் சம்பளத்துக்கு வச்சிருந்தாங்க. ஆனா பையன்களுக்கு எழுத்தே ஏறல. எழுத்துக் கத்துக்கவே மாசக்கணக்காச்சு.

ஒருநாள் காலையில் பெல் குதிரையில் போறப்ப, வழியில் ஒரு மலபார் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். அந்தக் காலத்து வெள்ளைக்காரங்க தமிழையும் தமிழ்க்காரங்களையும் 'மலபார்'னுதான் எழுதுவாங்க. அங்கே சின்னப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலைப் பரப்பி விரலால எழுதிக்கிட்டு இருந்தாங்க. பெல்லுக்குப் பொறி தட்டிருச்சு. விடுதிக்குத் திரும்பி இதே மாதிரி செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. இதெல்லாம் ஆகாதுன்னாங்க. சரின்னு ஜான் ஃபிரிஸ்கன்னு ஒரு பையன், சிப்பாய் மகன், எட்டு வயசு, அவனைக் கூப்பிட்டு, "நீ சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு"ன்னார். பெரியவங்களால ஆகாதது அந்தப் பொடியனால ஆச்சு. கொஞ்ச நாள்ல விடுதி முழுக்கப் பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க.

1796-ல் பெல் ஊருக்குக் கப்பலேறினார். அடுத்த வருஷமே லண்டன்ல இதைச் சின்னப் புத்தகமாப் போட்டார். அதே காலத்துல லண்டனில் ஜோசப் லங்காஸ்டர்னு இருபது வயசுப் பையன் ஒருத்தர், குவேக்கர் கிறிஸ்தவர், சௌத்வர்க் பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்திக்கிட்டு இருந்தார். அவரும் பெரிய பையன்களை வச்சே சின்னவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். மணல்ல எழுதுறது மட்டும் பெல் புத்தகத்தைப் பார்த்து எடுத்துக்கிட்டதுன்னு அவரே ஒத்துக்கிட்டிருக்கார். அப்புறம் யார் முதல்ல கண்டுபிடிச்சதுன்னு பெரிய சண்டை. அரசாங்கச் சபைக்காரங்க பெல் பக்கம், மத்த சபைக்காரங்க லங்காஸ்டர் பக்கம். 1811-ல் பெல் ஆட்கள் நேஷனல் சொசைட்டின்னு ஆரம்பிச்சாங்க. இந்தப் பக்கம் பிரிட்டிஷ் அண்ட் ஃபாரின் ஸ்கூல் சொசைட்டி. ஹிட்சின் பள்ளி லங்காஸ்டர் கட்சி, அதனாலதான் பேருல 'பிரிட்டிஷ்'. ரெண்டு கட்சியும் போட்டி போட்டுக்கிட்டு இங்கிலாந்து முழுக்க ஆயிரக்கணக்கான பள்ளிக்கூடம் திறந்தாங்க. சண்டையால நடந்த ஒரு நல்ல காரியம்.

பெல் 1832-ல் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துல, ராஜாக்களைப் புதைச்ச இடத்துல அடக்கம். அவர் விட்டுட்டுப் போன பணத்துல செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு பள்ளிக்கூடம் கட்டினாங்க. பேரு மெட்ராஸ் காலேஜ். இன்னைக்கும் நடக்குது. லங்காஸ்டர் கடன்பட்டு, எல்லாரோடயும் சண்டை போட்டு, 1838-ல் நியூயார்க் தெருவுல குதிரை வண்டி மோதிச் செத்தார். மெட்ராஸ்ல தெருவோரம் மணல்ல எழுதிக்கிட்டு இருந்த அந்தப் பிள்ளைகளும், உட்கார வச்ச வாத்தியாரும் யாருன்னு நமக்குத் தெரியாது. அந்த வாத்தியாருக்குத் தன்னோட மணல் கப்பலேறிப் போனதே தெரிஞ்சிருக்காது.

இதைப் படிச்சு எனக்குப் பெருமையா இருந்துச்சான்னு கேட்டா, முதல் நாள் இருந்துச்சு. நம்ம திண்ணைதான் வெள்ளைக்காரனுக்கு எழுத்தறிவு கொடுத்துச்சுன்னு ஊருக்குப் போன் போட்டுப் பெருமை அடிச்சேன். ஆனா அந்த மியூசியத்துக்கு ரெண்டாவது தடவை போனப்போ பெருமை கொஞ்சம் இறங்கிருச்சு.

ஏன்னா இந்த முறை பரவினதுக்குக் காரணம், அது நல்ல முறைங்கிறது மட்டும் இல்ல. மலிவான முறை. ஒரு வாத்தியார் சம்பளத்துல ஆயிரம் பேருக்குக்கூடப் பாடம் நடத்தலாம்னு லங்காஸ்டர் சொல்லிக்கிட்டு இருந்தார். ஏழைப் பிள்ளைகளுக்கு இது போதும்னு பணக்காரங்க நினைச்சாங்க. பிரம்படி வேண்டாம்னு சொன்ன லங்காஸ்டரே கண்டுபிடிச்ச தண்டனைகளைக் கேளுங்க. பேசினவன் கழுத்துல மரக்கட்டையைத் தொங்கவிடுறது. இன்னும் சேட்டை பண்ணினா கூடையில் உட்கார வச்சு உத்தரத்துல தூக்கித் தொங்கவிடுறது, மத்தப் பிள்ளைக கீழே நின்னு சிரிக்கிறதுக்கு. பிரம்படியே தேவலைன்னு தோணுது.

பத்து வயசுப் பிள்ளை எட்டு வயசுப் பிள்ளைக்கு எவ்வளவுதான் சொல்லித்தர முடியும்? தனக்குத் தெரிஞ்ச அளவுதான். கிளிப்பிள்ளைப் பாடம். 1846-க்கு அப்புறம் அரசாங்கமே வேற வழிக்குப் போச்சு. பதிமூணு வயசுக்கு மேல பிள்ளைகளை எடுத்து, அஞ்சு வருஷம் சம்பளம் கொடுத்து, வாத்தியார் வேலை பழக்கினாங்க. ஹிட்சினிலேயும் 1853-ல் வேற மாதிரி வகுப்பறை கட்டினாங்க. சினிமாக் கொட்டகை மாதிரி படிப்படியா ஏறிப் போற பெஞ்சு. நூறு பேருக்கு மேல உட்காரலாம், எல்லார் மூஞ்சியும் வாத்தியாருக்குத் தெரியும். மேத்யூ ஆர்னால்ட்னு பேர் பெற்ற கவிஞர் வயித்துப்பாட்டுக்குப் பள்ளி ஆய்வாளர் வேலை பார்த்தார். அவர் இந்தப் பள்ளிக்கும் ஆய்வுக்கு வந்திருக்கார்.

சரி, பள்ளிக்கூடம் கட்டியாச்சு, மணல் பரப்பியாச்சு. பிள்ளைக வந்துச்சா? அங்கேதான் எனக்கு நெஞ்சுல குத்தின விஷயம் இருக்கு.

நான் விவசாயி, எனக்குக் கணக்கு இப்படித்தான் ஓடும். 1850 வாக்கில் இங்கிலாந்தோட தென்பகுதியில் பண்ணைக் கூலிக்காரனுக்கு வாரச் சம்பளம் எட்டு ஒன்பது ஷில்லிங். ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி. ஜோசப் ஆர்ச்னு ஒருத்தர் இருந்தார். வார்விக்ஷயர் பக்கம் பார்ஃபோர்டு கிராமத்துல 1826-ல் பிறந்தவர். பின்னாடி 1872-ல் பண்ணைக் கூலிக்காரங்களுக்குச் சங்கம் கட்டி, பார்லிமென்ட் வரைக்கும் போனவர். அவர் ஒன்பது வயசுல முதல் வேலைக்குப் போனார். என்ன வேலை தெரியுமா? விதைச்ச காட்டுல காக்கா விரட்டுற வேலை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், கூலி நாலு பென்னி. ஆறு நாளைக்கு இருபத்திநாலு பென்னி, ரெண்டு ஷில்லிங். அப்பன் சம்பளத்துல கால்வாசியை ஒன்பது வயசுப் பிள்ளை காக்கா விரட்டியே கொண்டுவரும்.

இப்ப சொல்லுங்க, பள்ளிக்கூடத்துக்கு வாரம் ஒரு பென்னியோ ரெண்டு பென்னியோ சம்பளம் கட்டி அனுப்பணும். அது பெரிசில்ல. கைக்கு வர்ற இருபத்திநாலு பென்னி போகுதே, அதுதான் பெரிசு. பிள்ளையைப் படிக்க வைக்காத அப்பனைத் திட்டுறது சுலபம். அடுப்புல உலை வைக்கிறவளுக்குத்தான் அந்த ரெண்டு ஷில்லிங் என்னன்னு தெரியும்.

நானும் குருவி விரட்டினவன்தான். எங்க பக்கம் கரிசக்காடு. மார்கழி, தையில் சோளம் பால் பிடிக்கிறப்ப விடியக்காலம் பரண் மேல ஏறித் தகர டப்பாவைத் தட்டிக்கிட்டே இருக்கணும். ஆனா எனக்கு அது பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம், சனி ஞாயிறு முழு நாள். அவ்வளவுதான். ஆர்ச்சுக்கு அதுவே வாழ்க்கை. அங்கே பையன்களுக்கு மரத்துல செஞ்ச ஒரு தட்டுப்பலகை கொடுப்பாங்க. பிடியை ஆட்டினா பட்பட்டுன்னு சத்தம் போடும். குளிரிலேயும் மழையிலேயும் தன்னந்தனியா ஒரு பிள்ளை, பெரிய காட்டுல.

ஹிட்சின் பக்கத்துல இதைவிட வேற ஒரு தொழில் இருந்துச்சு. வைக்கோல் பின்னல். இங்கே கோதுமை வைக்கோலை மாட்டுக்குத்தான் போடுவாங்கன்னு நினைச்சேன். அந்தக் காலத்துல ஹெர்ட்ஃபோர்ட்ஷயர், பெட்ஃபோர்ட்ஷயர் ரெண்டு ஜில்லாவிலும் கோதுமைத் தாளோட மேல் கணுவை வெட்டி எடுத்து, ஒரு சின்னக் கருவியால கீத்துக் கீத்தாகக் கிழிச்சு, ஈரமாக்கி, தலைப்பின்னல் மாதிரி நீளமாப் பின்னுவாங்க. அதை லூட்டன், டன்ஸ்டபிள் ஊர்களுக்கு வித்தா அங்கே தொப்பி தைப்பாங்க. ஹிட்சின்ல இந்தப் பின்னலுக்குச் சந்தையே இருந்துச்சு. நெப்போலியன் சண்டை நடந்த காலத்துல இத்தாலியில் இருந்து தொப்பி வைக்கோல் வரல. அப்ப விலை எகிறிருச்சு. வயக்காட்டு வேலைக்குப் போன புருஷனைவிட வீட்டுத் திண்ணையில் பின்னின பொண்டாட்டி அதிகம் சம்பாதிச்ச காலமும் உண்டு.

இதுக்குப் 'பின்னல் பள்ளிக்கூடம்'னு ஒண்ணு இருந்துச்சு. பேருதான் பள்ளிக்கூடம். ஒரு குடிசையில் ஒரு கிழவி. நாலு அஞ்சு வயசுப் பிள்ளைகளை நெருக்கி உட்கார வச்சு, அளவு சொல்லி, பின்ன விடுவா. வைக்கோலை வாயில் வச்சு எச்சில்ல நனைச்சுப் பின்னணும். உதடு வெட்டுப்பட்டுப் புண்ணாப் போகும். அந்தக் கிழவிக்கே பல இடத்துல எழுதப் படிக்கத் தெரியாது. பைபிள்ல ரெண்டு வரி ஒப்பிச்சா அதுதான் அன்னைக்குப் படிப்பு. அம்மாக்காரி கிழவிக்குக் காசு கொடுக்கிறது படிப்புக்கு இல்ல, பிள்ளை சும்மா இருக்காமப் பின்னினதுக்கு.

1867-ல் ஒரு சட்டம் வந்துச்சு. எட்டு வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளைச் சின்னச் சின்னப் பட்டறைகள்ல வேலை வாங்கக் கூடாதுன்னு. பின்னல் பள்ளிக்கூடமும் அதுக்குள்ள வந்துச்சு. ஆனா குடிசைக்குக் குடிசை யார் போய்ப் பார்க்கிறது? கடைசியில் அந்தத் தொழிலை நிறுத்தினதுல சட்டத்தைவிடச் சந்தைக்குத்தான் பங்கு அதிகம். 1870-களுக்கு அப்புறம் சீனாவில் இருந்தும், பின்னாடி ஜப்பானில் இருந்தும் மலிவான பின்னல் கப்பல்ல வந்து இறங்குச்சு. விலை விழுந்துச்சு. பின்னுறதுல காசு இல்லைன்னு ஆனப்புறம்தான் நிறையப் பிள்ளைகளோட கை ஓய்ஞ்சுச்சு. வெளிநாட்டுச் சரக்கு வந்து விலை விழுந்தா விவசாயி என்ன ஆவான்னு எனக்குத் தெரியும். இதுல மட்டும் நல்லதாப் போச்சா, இல்ல அந்த வீடுகள்ல அடுப்பு அணைஞ்சுச்சான்னு நினைச்சு ரெண்டு மனசா இருந்துச்சு. ரெண்டுமே நடந்திருக்கும்.

பள்ளிக்கூடங்களுக்கு இன்னொரு சிக்கல். 1862-ல் அரசாங்கம் ஒரு விதி போட்டுச்சு. பிள்ளை எவ்வளவு படிக்குதோ அவ்வளவுதான் மானியம். ஆறு வயசுக்கு மேல ஒரு பிள்ளை ஒழுங்கா வந்தா வருஷத்துக்கு நாலு ஷில்லிங். ஆய்வாளர் முன்னாடி வாசிச்சா ரெண்டு ஷில்லிங் எட்டு பென்னி, எழுதினா அதே, கணக்குப் போட்டா அதே. பன்னிரண்டு ஷில்லிங் பிள்ளை நம்ம பிள்ளை. தப்பாச் சொன்னா அந்தக் காசு போச்சு. வாத்தியார் சம்பளம் பிள்ளையோட வாயில இருந்துச்சு. ஆய்வு நாள்ல வாத்தியாரும் பிள்ளையும் சேர்ந்து நடுங்கியிருப்பாங்க.

அதோட தலைமையாசிரியர் நாள் குறிப்பேடு எழுதணும்னும் சட்டம். இங்கிலாந்துல பல ஊர்ல அந்தக் குறிப்பேடுகள் இன்னும் பத்திரமா இருக்கு. அதுல அறிவைப் பத்தி எழுதினதைவிட பிள்ளை வராததைப் பத்தி எழுதினதுதான் அதிகம். கல் பொறுக்கப் போயிட்டான். உருளைக்கிழங்கு எடுக்கப் போயிட்டான். பன்னிக்கு ஓக் கொட்டை பொறுக்கப் போயிட்டான். அறுப்பு முடிஞ்ச காட்டுல அம்மாகூட உதிர்ந்த கதிர் பொறுக்கப் போயிட்டான். அந்தக் கதிர்ல அரைக்கிற மாவுதான் குளிர்காலத்துக்கு ரொட்டி. அறுப்பு தள்ளிப் போனா பள்ளிக்கூடம் திறக்கிறதும் தள்ளிப் போகும். வயக்காடு சொல்ற தேதிக்குத்தான் மணி அடிக்கும்.

பொம்பளைப் பிள்ளைகளுக்கு வேற காரணம். திங்கக்கிழமை துவைக்கிற நாள். அந்தக் காலத்துல துவைக்கிறதுன்னா ஒரு நாள் முழுக்க. தண்ணி சுமக்கணும், செம்புத் தொட்டியில கொதிக்க வைக்கணும், கட்டையால குத்தணும், ரெண்டு மர உருளைக்கு நடுவுல கொடுத்துப் பிழியணும். மகள் இல்லாம அம்மாவுக்கு முடியாது. அப்புறம் அம்மாவுக்குப் பிரசவம். அப்புறம் கைப்பிள்ளையைப் பார்த்துக்கணும்.

அந்த இடத்துல நான் நின்னுட்டேன். 'கைப்பிள்ளையைப் பார்த்துக்க வீட்டில் நிறுத்திவிட்டார்கள்.' மருமகன் இதை வாசிச்சுத் தமிழ்ல சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிட்டார். எனக்குக் கால் நகரல.

எங்க அக்கா என்னைவிட ஆறு வயசு மூத்தவ. மூணாம் வகுப்போட நின்னவ. ஏன் நின்னான்னு நான் சின்ன வயசுல கேட்டதே இல்ல. படிப்பு ஏறலைன்னுதான் வீட்டுல சொல்லுவாங்க. பின்னாடி ஒரு கல்யாண வீட்டுல, அவகூடப் படிச்ச ஒரு அம்மா சொன்னாங்க: "ஏறாம என்ன? அவதான் எங்களுக்குச் சட்டாம்பிள்ளை. நீ பிறந்து அம்மா களைவெட்டுக்குப் போயிட்டா. உன்னை இடுப்புல வச்சுக்கிட்டே ரெண்டு மாசம் பள்ளிக்கூடத்துக்கு வந்தா. நீ அழுது அழுது வாத்தியார் வரவேண்டாம்னுட்டார்."

நான் பத்தாம் வகுப்பு முடிச்சேன். அந்த நோட்டுப் புத்தகக் காசு அக்கா பருத்தி எடுத்த கூலி.

இங்கிலாந்துல என்ன பண்ணினாங்க? 1870-ல் ஃபார்ஸ்டர்னு ஒரு மந்திரி கொண்டுவந்த சட்டத்துல, பள்ளிக்கூடம் இல்லாத ஊர்ல வரிப்பணத்துல பள்ளி கட்டலாம்னு ஆச்சு. 1880-ல் அஞ்சுல இருந்து பத்து வயசு வரைக்கும் கட்டாயம் வரணும்னாங்க. 1891-ல் பிள்ளைக்கு வருஷம் பத்து ஷில்லிங் அரசாங்கமே கொடுத்து, பெரும்பாலான பள்ளிகள்ல சம்பளத்தை எடுத்தாங்க. 1893-ல் பதினொண்ணு, 1899-ல் பன்னிரண்டு வயசுன்னு உயர்த்தினாங்க. ஹிட்சின்ல பள்ளிக்கூடம் தொடங்கின 1810-ல் இருந்து கணக்குப் பண்ணினா, கட்டாயம்னு சொல்லவே எழுபது வருஷம். அதுக்குள்ள எத்தனை பிள்ளைக காக்கா விரட்டியே வளர்ந்திருக்கும்.

பள்ளிக்கூடம் மலிவா நடத்தலாம்னு பெல்லும் லங்காஸ்டரும் காட்டினாங்க. அது பாதிக் கணக்குதான்னு எனக்குத் தோணுது. ஒரு பிள்ளை மணல்ல விரல் வச்சு எழுதணும்னா, அது அன்னைக்குச் சம்பாதிக்க வேண்டியதை வேற யாராவது சம்பாதிக்கணும். அது தூக்க வேண்டிய பிள்ளையை வேற யாராவது தூக்கணும். அந்தச் செலவு பள்ளிக்கூடக் கணக்குல வராது. அரசாங்கம் ஏத்துக்கிற வரைக்கும் அது வீட்டுக்குள்ள யாரோ ஒருத்தர் தலையில்தான் விழும். எங்க வீட்டுல விழுந்தது யார் தலையிலன்னு சொல்லிட்டேன்.

ரெண்டாவது தடவை போனப்ப, கிளம்புற நேரத்துல அந்த முன் வரிசையில் உட்காரட்டுமான்னு கேட்டேன். அந்த அம்மா சிரிச்சுக்கிட்டே தலையாட்டினாங்க. பெஞ்சு ரொம்பச் சின்னது, முட்டி இடிச்சுச்சு. அங்கே இருந்தே அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். இங்கே சாயங்காலம். அவ காட்டுல இருந்து வந்து கால் கழுவிக்கிட்டு இருந்தா.

"இதைப் பாருக்கா, வெள்ளைக்காரன் பள்ளிக்கூடம். நம்ம ஊரு மணல் எழுத்து" அப்படின்னு காட்டினேன். கதையெல்லாம் சொன்னேன். அவ கேட்டுக்கிட்டே இருந்தா. கடைசியில், "அந்த மணல் ரொம்ப நைசா இருக்கே, நம்ம ஓடை மணல்ல கல்லு கிடக்கும். நகக்கண்ணுல ஏறிக்கும்"ன்னா.

ஐம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. நகக்கண்ணுல ஏறின மணலை அவ மறக்கல.

"எழுதுடா"ன்னா.

"என்னக்கா எழுத?"

"அ எழுது. எனக்கு இன்னும் அது தெரியும்."

எழுதிக் காட்டினேன். "சுழி சரியில்ல"ன்னு சொல்லிட்டு, மாடு கத்துதுன்னு போனை வச்சுட்டா. நான் மணலை நிரவிட்டு, இன்னொரு தடவை எழுதிப் பார்த்தேன்.